உள்காதின் மயிர் உயிரணுக்கள்: மருந்து, ரசாயனம், மரபணு மூன்றிலிருந்தும் காக்கும் வழி

ஒவ்வொரு காதிலும், நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியாவுக்குள், ஒலியைச் செய்தியாக மாற்றும் ஏறக்குறைய 15,000 மயிர் உயிரணுக்கள் இருக்கின்றன. கோழிக்கும் மீனுக்கும் இவை செத்தால் மறுபடி முளைக்கும். மனிதருக்கு முளைக்காது. அதனால் கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை முன்கூட்டியே செய்ய வேண்டியவை.

காதுக்கு ஊறு செய்யும் மருந்துகள் வழக்கமாக முதலில் அழிப்பது காக்ளியாவின் அடிப்பகுதியில் உள்ள வெளிவரிசை உயிரணுக்களை. மிகக் கீச்சான ஒலிகளை வாங்குபவை அவை. பேச்சு நன்றாகவே கேட்கும் என்பதால் தொடக்கத்தில் நோயாளிக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. சாதாரணச் செவிப் பரிசோதனை 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கும். சேதம் பெரும்பாலும் அதற்கு மேலே தொடங்கும். “8,000க்கு மேலும் சோதிக்க முடியுமா?” என்று செவித்திறன் நிபுணரிடம் நீங்களே கேளுங்கள். சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு போனால் நிபுணர் கட்டணத்தில் மானியம் கிடைக்கும்.

ஊசி போடும் முன்

ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின், டோப்ராமைசின் எல்லாம் அமினோகிளைகோசைடு என்ற ஒரே குடும்பத்து ஆண்டிபயாட்டிக் மருந்துகள். ஒலியின் அசைவுக்குத் திறக்கும் நுண்வாசல்கள் மயிர்க்கற்றையின் நுனியில் உள்ளன. இந்த மருந்துகள் அந்த வாசல் வழியாகவே உள்ளே நுழைகின்றன. வெளியேற நெடுநாள் ஆகும். அமிகாசின் கேட்கும் திறனை அதிகம் தாக்கும். ஜென்டாமைசினும் ஸ்ட்ரெப்டோமைசினும் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பை அதிகம் தாக்கும். ஆகவே ஜென்டாமைசின் பெறுபவர் காது கேட்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. இரு காதும் சேர்ந்தே பழுதாவதால் தலைசுற்றல் வராமல்கூட இருக்கலாம். நடக்கும்போது எதிரே வரும் பேருந்தின் எண் குதிப்பதுபோல் தெரிந்தாலோ, இருட்டில் கால் தடுமாறினாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ அன்றே தாதியிடம் சொல்லுங்கள்.

சிலருக்கு ஆபத்து மரபணுவிலேயே இருக்கிறது. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் 1555ஆம் இடத்தில் ‘ஏ’ என்ற எழுத்து ‘ஜி’ ஆக மாறியிருப்பதை ஆய்வாளர்கள் 1993இல் காதுகேளாமையுடன் தொடர்புபடுத்தினார்கள். இந்த ஓரெழுத்து மாற்றம் அதற்குள் புரதம் செய்யும் ரைபோசோமைப் பாக்டீரியாவின் ரைபோசோமைப்போல் ஆக்கிவிடுகிறது. கிருமியைக் கொல்ல வந்த மருந்து நம் உயிரணுவையும் பிடித்துக்கொள்கிறது. சரியான அளவில் போட்ட ஒரே ஊசிகூடச் சிலரின் கேட்கும் திறனைப் பறித்துவிடும். இரத்தத்தில் மருந்தின் அளவைக் கண்காணிப்பது மற்றவர்களுக்கு உதவும், இவர்களைக் காக்காது.

மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. எனவே அம்மா, அம்மம்மா, மாமா, பெரியம்மா, சித்தி, பெரியம்மா சித்தி பிள்ளைகள் என்று தாய்வழியில் விசாரியுங்கள். மாமாவுக்கு அந்த மாற்றம் இருக்கலாம். அவருடைய பிள்ளைகளுக்கு அவரிடமிருந்து வராது. “ஊர்ல ஊசி போட்ட பிறகுதான் அவனுக்குக் காது போச்சு” என்று பாட்டி சொல்வதைப் பழங்கதை என்று தள்ளாதீர்கள், அது மருத்துவருக்குத் தேவையான தகவல். இப்படிச் சொல்லலாம்: “எங்கள் தாய்வழியில் ஊசிக்குப் பிறகு காது கேளாமல் போனவர் இருக்கிறார். அமினோகிளைகோசைடு அல்லாத வேறு மருந்து பொருந்துமா?” உயிருக்கு ஆபத்தான தொற்றில் அதையே கொடுக்க வேண்டியிருக்கலாம். அப்போது மறுக்காதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருந்து உடலில் தேங்கும், முன்பே சொல்லிவிடுங்கள். கால் வீக்கத்துக்குத் தரும் ஃபுரோசமைடு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் சேதம் பல மடங்காகும். முதல் செவிப் பரிசோதனை முதல் ஊசியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். மருந்து முடிந்த பிறகும் சேதம் தொடரலாம் என்பதால் 3ஆம் மாதமும் 6ஆம் மாதமும் மறுபடி பாருங்கள். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் நியோமைசின் கலந்த சொட்டு மருந்தைத் தவிர்க்க வேண்டும்.

சிஸ்பிளாட்டின்

இந்தப் புற்றுநோய் மருந்து காக்ளியாவில் மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காகத் தங்கிவிடும். முதல் தவணைக்கு முன் ஒரு பரிசோதனை, பிறகு ஒவ்வொரு தவணைக்கு முன்னும் ஒன்று. முதல் வரைபடத்தோடு ஒப்பிடும்போது கேட்கும் திறன் ஒரே அதிர்வெண்ணில் 20 டெசிபல் குறைந்தாலோ, அடுத்தடுத்த இரண்டு அதிர்வெண்களில் 10 டெசிபல் குறைந்தாலோ, முன்பு கேட்ட மூன்று அடுத்தடுத்த அதிர்வெண்கள் கேட்காமல் போனாலோ அது உண்மையான மாற்றம். மறுபரிசோதனையில் உறுதி செய்துகொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். சளி, காதுக்குறும்பி இருந்தாலும் கேட்கும் திறன் குறைந்ததாகக் காட்டும், எனவே முதலில் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். பரவாத கட்டியுள்ள குழந்தைகளுக்கு, சிஸ்பிளாட்டின் ஏறி முடிந்து 6 மணி நேரம் கழித்துக் கொடுக்கும், காதைக் காக்கும் சோடியம் தயோசல்ஃபேட் மருந்தை 2022இல் அமெரிக்கா அங்கீகரித்தது. முன்னதாகவே கொடுத்தால் புற்றுநோய் மருந்தையே முறித்துவிடக்கூடும், அதனால்தான் அந்த இடைவெளி. உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

கப்பல் பட்டறையிலும் சாயக் கூடத்திலும்

சிங்கப்பூரின் தொழிற்பேட்டையான துவாஸில் சாயம் அடிப்பவரும் ஃபைபர்கிளாஸ் வேலை செய்பவரும் காதடைப்பானைப் போட்டுக்கொண்டு காது பத்திரம் என்று நம்புகிறார்கள். டொலுயீன், சைலீன், ஸ்டைரீன், எத்தில்பென்சீன் ஆகிய கரைப்பான்கள் காதுத் துளை வழியாக வருவதில்லை. மூச்சில் ஏறி, இரத்தத்தில் கலந்து காக்ளியாவை அடைகின்றன. இரைச்சலும் கரைப்பானும் சேர்ந்தால் தனித்தனியாக வருவதைவிடக் கடுமையான இழப்பு வரும்.

பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்குங்கள். 3ஆம் பிரிவில் கலவையின் பெயர்கள் இருக்கும். 2ஆம் பிரிவில் எச்372 (H372) அல்லது எச்373 (H373) என்ற குறியீட்டைத் தேடுங்கள், நெடுநாள் பட்டால் உடல் உறுப்பைக் கெடுக்கும் என்பதற்கான அடையாளம் அது. ஸ்டைரீனுக்கும் எத்தில்பென்சீனுக்கும் கேட்கும் உறுப்பின் பெயரோடே இது வரலாம். என்95 முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் ஆவிக்கான வடிகட்டி உள்ள கவசமே வேண்டும். அந்த வடிகட்டியைத் திறந்த அலமாரியில் போட்டுவைத்தால் காற்றில் உள்ள ஆவியை உறிஞ்சியே வீணாகிவிடும். காற்றுப் புகாத பையில் மூடி வையுங்கள்.

சிங்கப்பூரில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது சட்ட வரம்பு. அதற்கு மேற்பட்ட இரைச்சலில் வேலை செய்பவருக்குச் செவிப் பரிசோதனை உண்டு. இரைச்சல் குறைவாகவும் ஆவி அதிகமாகவும் உள்ள இடத்தில் வேலை செய்பவர் இந்த வலையில் சிக்காமல் விடுபடுகிறார். எனக்கு இது பெரிய குறையாகவே தெரிகிறது. அவர் நிறுவனத்தின் மருத்துவரிடம் கரைப்பானின் பெயரைச் சொல்லித் தானே சோதனை கேட்க வேண்டும். வேலைக்குப் போகும் முன், காலையில், பரிசோதனைக்குப் போங்கள். வரைபடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். வேலை மாறினாலும் அது உங்களோடு வரும்.

பிறவியிலேயே வரும்போது

பிறவிக் காதுகேளாமைக்கு மிகப் பொதுவான மரபணு ஜிஜேபி2. இது பழுதடைவது மயிர் உயிரணுவில் அல்ல, அதைத் தாங்கும் அண்டை உயிரணுக்களில். இந்தியரிடையே டபிள்யூ24எக்ஸ் என்ற மாற்றம் அதிகம் காணப்படுகிறது. தாய் தந்தை இருவரும் பழுதான மரபணுவின் ஒரு பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணந்த குடும்பத்தில் இந்தச் சந்திப்பு நிகழும் வாய்ப்பு கூடும்.

பிறந்த குழந்தைக்குச் செய்யும் செவிச் சோதனை இரண்டு வகை. ஒன்று வெளிவரிசை உயிரணுக்களின் எதிரொலியை அளக்கும். மற்றொன்று மூளைத்தண்டு வரை செய்தி போகிறதா என்று பார்க்கும். மயிர் உயிரணுவிலிருந்து நரம்புக்குச் செய்தி போக உதவும் ஓட்டோஃபெர்லின் மரபணு பழுதான குழந்தை முதல் வகையில் தேறிவிடலாம், ஆனால் அதற்குக் கேட்காது. எந்தச் சோதனை நடந்தது என்று கேளுங்கள். தேறிய குழந்தையும் சத்தத்துக்குத் திடுக்கிடவில்லை என்றால் இரண்டாவதைச் செய்யச் சொல்லுங்கள்.

மரபணுச் சோதனைக்குக் கையெழுத்திடும் முன் காப்புறுதி பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோய் வரும் முன்பே அதன் வாய்ப்பைக் கணிக்கும் முன்கணிப்புச் சோதனை முடிவுகளைக் காப்புறுதி நிறுவனங்கள் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு 2021 அக்டோபரிலிருந்து சிங்கப்பூரில் நடப்பில் உள்ளது. நோயைக் கண்டறியச் செய்யும் சோதனைக்கு அது அப்படியே பொருந்தாது. 1555 மாற்றம் உறுதியானால், உங்கள் மருத்துவப் பதிவில் தவிர்க்க வேண்டிய மருந்தாக அமினோகிளைகோசைடைக் குறிக்கச் சொல்லுங்கள். அன்றே தாய்வழி உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில், ஊரில் உள்ளவர்களும் படிக்கும்படி, மருந்துகளின் பெயர்களைத் தமிழில் எழுதி அனுப்புங்கள்.