பருந்துக் குஞ்சைப் பழக்க நினைக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் சின்னமுட்டத்திலோ குளச்சலிலோ மீன் இறக்கும் நேரத்தில் தலைக்கு மேலே பார்த்தால் செம்பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். ஒன்று மட்டும் சரிந்து இறங்கி, தண்ணீரில் மிதக்கும் கழிவு மீனைக் காலால் அள்ளும். உட்கார இடம் தேடாது. பறந்தபடியே காலை முன்னால் நீட்டி, தலையைக் குனிந்து, கிழித்துக் கிழித்துத் தின்றுவிடும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பறவைக் காட்சி நடத்துகிறவர்கள் பருந்துகளிடம் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். இறைச்சித் துண்டை மேலே வீசுவார்கள். பருந்து அந்தரத்திலேயே பிடித்துத் தின்னும்.

அந்த வீடியோக்களைப் பார்க்கும் நம்மூர்ப் பையன்களுக்கு ஆசை வருவது இயல்பு. தென்னந்தோப்பில் ஒரு குஞ்சு கிடைத்துவிட்டால், ‘நாமும் பழக்கிப் பார்த்தால் என்ன?’ என்று தோன்றுகிறது. தவறுகள் எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் சட்டம். செம்பருந்தோ கரும்பருந்தோ, பிடிப்பதும் கூட்டிலிருந்து எடுப்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாசமாகத்தான் வளர்த்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. பிரிட்டனில் காட்சிக்குப் பறப்பவை வளர்ப்பிடத்தில் பொரித்த பறவைகள். அதற்கு அடையாளமாகக் குஞ்சாக இருக்கும்போதே காலில் மூடிய வளையம் மாட்டிவிடுவார்கள். வேட்டைப் பறவை பழக்கும் கலையை யுனெஸ்கோ 2010இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு இங்கே பருந்து வளர்க்க அனுமதி உண்டு என்று நினைப்பது தவறு.

அடுத்தது, பட்டினி போட்டால் பழகிவிடும் என்ற நம்பிக்கை. இதைவிடக் கொடுமையான தவறு வேறில்லை. காட்சிப் பருந்தைத் தினமும் ஒரே நேரத்தில் கிராம் கணக்கில் எடைபோடுகிறார்கள். வயிறு நிறைந்த பருந்து மரக்கிளையில் போய் உட்கார்ந்துகொள்ளும், கூப்பிட்டால் வராது. எடை அதிகமாகக் குறைந்தால் தசை கரைந்து பறக்கவே தெம்பிருக்காது. இரண்டுக்கும் நடுவில், பசியும் தெம்பும் சேர்ந்திருக்கும் ஒரு எடை உண்டு. அது பறவைக்குப் பறவை மாறும். குளிரில் ஒன்று, வெயிலில் ஒன்று. வளர்ந்த செம்பருந்தே அரைக் கிலோ அளவுதான் இருக்கும். அதில் 50 கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். அனுபவமுள்ளவர்கள் நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். எலும்பு கத்தி முனைபோலத் துருத்தினால் பறவை ஆபத்தில் இருக்கிறது.

வளரும் குஞ்சுக்கோ இந்த எடைக் கணக்கே கூடாது. இறகு முளைக்கும் நாட்களில் தீனி குறைந்தால், ஒவ்வொரு இறகிலும் குறுக்கே மெல்லிய கோடு விழும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். பிறகு பறக்கும்போது இறகு அந்தக் கோட்டில்தான் ஒடியும். ஒடிந்த இறகு வளராது. அது உதிர்ந்து புது இறகு முளைக்க வேண்டும். அதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம்.

தீனியிலும் நல்ல மனதோடு செய்யும் தவறுகள் அதிகம். சோறு, பால், பிஸ்கட், கருவாடு எதுவும் ஆகாது. கடையில் வாங்கிய எலும்பில்லாத கோழிக்கறியை மட்டும் கொடுத்து, ‘நன்றாகத்தானே தின்கிறது’ என்று திருப்திப்படுகிறவர்கள் உண்டு. கறியில் சுண்ணாம்புச் சத்து கிடையாது. கொஞ்ச நாளில் எலும்பு இளகி, கால் வளைந்து, குஞ்சு எழுந்து நிற்க முடியாமல் போகும். வெளிநாட்டில் முழு எலியும் ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சும் கொடுப்பது இதனால்தான்: எலும்பு, தோல், ஈரல் எல்லாம் சேர்ந்தே உள்ளே போகும். நம்மூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நாள்தோறும் சாளையும் நெத்தோலியும் மட்டும் கொடுப்பதும் சரியில்லை. இப்படிப்பட்ட மீன்களில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழிக்கும். நாளடைவில் பறவைக்கு வலிப்பு வரலாம். கடற்கரைப் பருந்து மீன் தின்றுதானே வாழ்கிறது என்று கேட்கலாம். அது நண்டும் எலியும் ஓணானும் பூச்சியும் சேர்த்துத்தான் தின்கிறது.

வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். பருந்துக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதி இரையிலிருந்தே கிடைத்துவிடும்.

காலில் கயிறு கட்டுவது அடுத்தது. காட்சிப் பறவைக்குத் தோல் பட்டை, சுழலும் வளையம், அளவு பார்த்த வார் என்று இருக்கும். பறவை வேகமெடுக்க முடியாதபடி கட்டின் நீளத்தைக் குறுக்கி, தரையை ஒட்டிய தாங்கியில் வைப்பார்கள். இங்கே நைலான் கயிற்றை ஒரு காலில் சுற்றி மொட்டைமாடிக் கம்பியில் நீளமாகக் கட்டுகிறார்கள். பருந்து மிரண்டு பாய்ந்தால், கயிறு முடியும் இடத்தில் கால் ஒடியும். கம்பிக் கூண்டும் இதே வகைதான். முட்டி முட்டியே இறக்கையும் வாலும் தும்பாகிவிடும்.

வல்லூறு வகைகளைப் போலக் கயிற்றில் இறகுப் பொம்மையைச் சுழற்றிப் பருந்தைப் பழக்கலாம் என்று நினைப்பதும் பறவையை அறியாததால் வருவது. பருந்து பாய்ந்து துரத்தும் பறவை இல்லை. அகன்ற இறக்கையில் காற்றைத் தாங்கி மிதப்பது அது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ஒரு முறை உயரம் பிடித்துவிட்டால், பழக்கப்பட்ட பறவையைக்கூடக் கண்ணால் தொடர முடியாது.

இதற்கெல்லாம் மேலே, கையில் வளர்ந்த குஞ்சு மனிதனைத்தான் தன் இனம் என்று நினைக்கும். ஆள் தெரிந்தால் விடாமல் கத்தும். வளர்ந்தபின் தீனிக்காக முகத்தை நோக்கியே பாயும். அப்புறம் ‘போதும், விட்டுவிடலாம்’ என்று தோப்பில் விட்டால், தானாக இரை தேடத் தெரியாது. யார் வீட்டு முற்றத்திலாவது இறங்கி நிற்கும். அங்கே கல்லடி படும்.

சரி, குஞ்சு கிடைத்தால் என்ன செய்வது? முதலில் எந்தப் பருந்து என்று பாருங்கள். இளம் செம்பருந்துக்கு வெள்ளைத் தலையும் செங்காவி உடம்பும் வந்திருக்காது. பழுப்பாகவே இருப்பதால் கரும்பருந்து என்று நினைத்துவிடுகிறார்கள். வாலைப் பாருங்கள். செம்பருந்தின் வால் முனை வட்டமாக இருக்கும். கரும்பருந்தின் வால் நடுவில் வெட்டிவிட்டதுபோல் பிளந்திருக்கும். தாய் தந்தையை அடையாளம் காண இது உதவும்.

தென்னிந்தியாவில் செம்பருந்து டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கூடு கட்டும். அந்த மாதங்களில் தேங்காய் வெட்டும்போது சுள்ளிக் கூடு சரிந்து குஞ்சு விழுவதுண்டு. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. காயமில்லாத சிறு குஞ்சைக் கூட்டிலேயே வைத்துவிடலாம். கூடு போய்விட்டதா? பனையோலைக் கடவம் ஒன்றில் அடியில் ஓட்டை போட்டு, சுள்ளி பரப்பி, அதே மரத்திலோ பக்கத்து மரத்திலோ உயரமாகக் கட்டுங்கள். பிறகு தொலைவில் நின்று, பெரிய பறவைகள் இரையோடு வருகின்றனவா என்று பாருங்கள். இறகு முழுக்க வளர்ந்த குஞ்சு தரையில் தத்தினால், நாய் எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பறக்கக் கற்கும் வயது அது. பெற்றவை இன்னும் சில வாரம் ஊட்டும்.

காயமென்றால் மட்டும் அங்கிருந்து எடுத்துச் செல்லுங்கள். துண்டை மேலே போட்டு, இறக்கையை உடம்போடு சேர்த்து, கால் நகங்களில் கவனம் வைத்துத் தூக்க வேண்டும். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய துணி, சத்தமில்லாத இருட்டு மூலை, அவ்வளவு போதும். இறக்கையில் தூண்டில் நரம்பு சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள். தொங்குவதை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் கால்நடை மருத்துவரிடம் விடுங்கள். பறக்கிறதா என்று மாடியிலிருந்து வீசிப் பார்ப்பதை யார் செய்தாலும் தடுங்கள். நாகர்கோவிலில் மாவட்ட வன அலுவலகம் இருக்கிறது. அன்றைக்கே தகவல் சொல்லி ஒப்படைக்க வேண்டும். எந்த ஊரில், எந்தத் தோப்பில் கிடைத்தது என்று பெட்டியின் மேல் எழுதிக் கொடுங்கள். குணமான பிறகு அந்த இடத்திலேயே கொண்டுவந்து விட அது உதவும்.