குதிரை வரையும்போது பின்னங்காலைக் கவனியுங்கள்

குதிரையை நம் பாணியில் வரையும்போது பிடரிக்கும் வாலுக்கும்தான் நிறைய நேரம் கொடுக்கிறோம். ஆனால் படம் தடுமாறுவது பின்னங்காலில். அங்கே பின்பக்கமாக மடங்குவது முழங்கால் இல்லை, நம் கணுக்காலுக்கு இணையான மூட்டு. உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. ஒவ்வொரு காலிலும் ஒரே விரலின் நுனியில்தான் குதிரை நிற்கிறது. அந்த விரலின் நகம்தான் குளம்பு. இது மனதில் பதிந்துவிட்டால் காலை எவ்வளவு நீட்டி வரைந்தாலும் குதிரை குதிரையாகவே நிற்கும்.

அளவுகோல் தலைதான். மார்பிலிருந்து பின்புறம் வரை ஏறத்தாழ இரண்டரைத் தலை நீளம். முதலில் அப்படி லேசாகப் போட்டுக்கொண்டு, அப்புறம் ஏதாவது ஒன்றை மட்டும் மிகைப்படுத்துங்கள். அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் பாருங்கள், தூண் மாதிரிக் கால்கள், நிமிர்ந்த கழுத்து. என்ன கம்பீரம்!

ஓவிய நண்பர்களுக்கு அனுப்பும் முன் படத்தைச் செல்போனில் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், கோணல் இருந்தால் தெரிந்துவிடும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். "பின்னங்கால் எடையைத் தாங்குகிற மாதிரி தெரிகிறதா?" என்று கேளுங்கள்.