நாளிதழுக்கு முதல் கடிதம் எழுதுவது எப்படி?

பத்திரிகையில் எழுத ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அதுக்கு யாரைத் தெரிஞ்சிருக்கணும்?" என்றுதான். யாரையும் தெரிந்திருக்க வேண்டாம். 1991-இல் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பத்திரிகை ஆபீஸ் எந்த ஊரில் இருக்கிறது என்பதுகூடச் சரியாகத் தெரியாது. பேப்பரின் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு முகவரி இருந்தது. அதற்கு 15 பைசா கார்டில் எழுதிப் போட்டேன், அச்சில் வந்தது. பிற்பாடு நாளிதழ் டெஸ்கில், அதாவது வருகிற செய்திகளைத் திருத்திப் பக்கத்துக்குத் தயார் செய்யும் பிரிவில், 22 வருஷம் வேலை பார்த்தேன். அதில் 6 வருஷம் வாசகர் கடிதங்கள் என் மேசைக்குத்தான் வந்தன. அனுப்பிவிட்டுக் காத்திருப்பவளாகவும் இருந்திருக்கிறேன், பிரித்துப் பார்ப்பவளாகவும் இருந்திருக்கிறேன். அந்த இரண்டையும் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கதை, கவிதை, நடுப்பக்கக் கட்டுரை எல்லாம் அப்புறம். முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு நாளிதழில் பேரும் படிப்பும் இல்லாத புது ஆளுக்குத் தினமும் திறந்திருக்கிற இடம் வாசகர் கடிதப் பகுதிதான்.

முதலில் வாய்விட்டுப் படியுங்கள்

என் தாத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. டீக்கடையில் எல்லோரும் படித்து முடித்த பேப்பரைச் சாயங்காலம் கேட்டு வாங்கி வருவார். நான் திண்ணையில் உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அலங்காரமாக ஒரு வாக்கியம் வந்துவிட்டால் நிறுத்திவிடுவார். "எந்த ஊரு, அதைச் சொல்லு முதல்ல" என்பார். ஊர் தெரிந்ததும் "எத்தனை பேரு?" அதற்கப்புறம் "இப்ப என்ன ஆச்சு?" இந்த மூன்று கேள்விக்கும் முதல் இரண்டு வரியில் பதில் இருக்கிற செய்தியை முழுசாகக் கேட்பார். இல்லையென்றால் "அடுத்ததுக்குப் போ" என்பார். பின்னாளில் டெஸ்கில் செய்தியின் முதல் பத்தியை, இன்ட்ரோவை, எப்படி எழுதுவது என்று பயிற்சி கொடுத்தார்கள். திண்ணையில் கேட்ட அதே மூன்று கேள்விதான்.

நீங்களும் ஒரு மாதம் இப்படிச் செய்யுங்கள். எந்தப் பேப்பருக்கு எழுதப் போகிறீர்களோ அதன் கடிதப் பகுதியைத் தினமும் சத்தம் போட்டுப் படியுங்கள். போனில் பார்ப்பதைவிட அச்சுப் பேப்பர் நல்லது, ஒரு கடிதத்துக்கு எவ்வளவு இடம் ஒதுக்குகிறார்கள் என்பது கண்ணில் படும். வீட்டில் வாங்கவில்லையா, கிளை நூலகத்துக்குப் போங்கள், நாளிதழ் மேசையில் நாலைந்து பேப்பர் கிடக்கும். ஒரு கடிதத்தில் எத்தனை சொல் என்று எண்ணுங்கள். பெரும்பாலும் 150-க்குள்தான் இருக்கும். எந்தப் பேப்பர் ஊர்ப் பிரச்சினையைப் போடுகிறது, எது தலையங்கத்துக்கு வந்த எதிர்வினையை மட்டும் போடுகிறது என்பதும் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும்.

எதை எழுதுவது?

நான் முதன்முதலில் அனுப்பியது கடிதம் இல்லை. பள்ளிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய 'இளைஞர்களே, விழித்தெழுங்கள்' என்ற பேச்சை முழு வெள்ளைத்தாளில் 14 பக்கம் எழுதி அனுப்பினேன். மூன்று மாதம் தினமும் தேடினேன். வரவில்லை. என் மேசைக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிய பிறகுதான் காரணம் புரிந்தது. அப்படிப்பட்ட பேச்சுகள் வாராவாரம் வரும். எழுதியவர் பெயரை மாற்றிப் போட்டால்கூட வித்தியாசம் தெரியாது. எந்த ஊரில் இருந்து வந்தது என்று முத்திரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எழுதிய பிள்ளையின் ஆசை எனக்குத் தெரியும், அதனால் ஒவ்வொன்றையும் கடைசி வரை படிப்பேன். ஆனாலும் போட முடியாது.

அந்த ஆவணியில் நடந்தது வேறு. எங்கள் ஊர் கடைமடை, பாசனத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் இருந்தும் எங்கள் வாய்க்காலுக்கு வரவில்லை. மதகின் ஷட்டரை ஏற்றி இறக்கும் திருகுக் கம்பியில் மரை தேய்ந்து போய், கைப்பிடியைச் சுற்றினால் அது சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. பலகை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினமும் அந்த மதகுக் கட்டையில் ஏறி நின்று பார்ப்பேன். ஷட்டருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் முட்டி நிற்கும், ஆகாயத்தாமரை மிதக்கும். இந்தப் பக்கம் வாய்க்கால் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எத்தனை நாளாக இப்படி என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். 9 நாள். யார் யார் நாற்றங்கால் காய்கிறது என்று நோட்டில் பெயர் எழுதினேன். 11 பேர்.

சென்னையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரிய எழுத்தாளருக்கும் அந்த 9-ம் 11-ம் தெரியாது. எனக்குத் தெரியும். பத்திரிகைக்கு என்னிடமிருந்து தேவைப்பட்டது அதுதான். உங்கள் வீட்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில், உங்கள் கண்ணால் பார்த்து, விரலால் எண்ணக்கூடிய ஒன்றை எடுங்கள். நிறுத்தத்தில் மகளிர் பேருந்து நிற்காமல் போவது, நூலகம் எந்தெந்த நாள் பூட்டிக் கிடந்தது, குடிநீர்க் குழாய் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு நிற்கிறது. ஒரு வாரம் தேதி போட்டுக் குறித்துக்கொண்டே வாருங்கள், பிறகு எழுதுங்கள்.

வெட்டியதில் இருந்து கற்பது

நான் எழுதிய கடிதம் இப்படித் தொடங்கியது:

'பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, நாட்டின் முதுகெலும்பாம் விவசாயியின் கண்ணீரைத் துடைக்க யாருமே இல்லையா என்ற ஏக்கத்தோடு இம்மடலை வரைகிறேன். சோறுடைத்த சோழவளநாடு இன்று சோகமுடைத்த நாடாகிவிட்டது...'

கார்டின் பாதி இதிலேயே போய்விட்டது. மதகு ஆறாவது வாக்கியத்தில்தான் வரும். அச்சில் வந்தது இது:

'எங்கள் ஊர்ப் பாசன வாய்க்கால் மதகின் ஷட்டர் பழுதாகி 9 நாட்களாகத் தண்ணீர் வரவில்லை. 11 விவசாயிகளின் நாற்றங்கால் காய்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் கண்டுகொள்ளவில்லை. ஷட்டரை உடனே சரிசெய்ய வேண்டும்.'

தலைப்பு: மதகு பழுது. கீழே என் பெயரும் ஊரும்.

சோழவளநாட்டைக் காணோமே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. தாத்தா மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "ஒண்ணும் குறையலியே, எல்லாம் இருக்கே" என்றார். அன்று ராத்திரி ஒரு நோட்டில் இடது பக்கம் நான் எழுதியதையும் வலது பக்கம் வந்ததையும் எழுதி, எடுத்துவிட்ட சொற்களை நீலப் பேனாவால் அடித்துப் பார்த்தேன். போனது எல்லாம் நான் வேறெங்கோ படித்த சொற்கள். நின்றது எல்லாம் நான் வாய்க்கால் கரையில் பார்த்தது.

எழுதிப் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அனுப்புவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வந்ததும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஏன் இந்த வாக்கியம் மேலே போனது, ஏன் அந்தச் சொல் போனது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். முகம் தெரியாத ஓர் உதவி ஆசிரியர் உங்களுக்காகப் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த பாடம் அது. எனக்குப் பன்னிரண்டாவது கடிதத்தில் ஒரே ஒரு 'மிகவும்' மட்டும் போயிருந்தது.

மறுபக்கத்தையும் கேளுங்கள்

கடிதம் வந்த மறுநாள் எங்கள் பகுதி வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் டெல்டாவில் மதகு திறந்து மூடும் பணியாளரை அப்படித்தான் சொல்வோம். அவர் சத்தம் போடவில்லை. வாசலிலேயே நின்று, "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார். திருகுக் கம்பி தேய்ந்ததை ஆடி மாதமே எழுதிக் கொடுத்திருக்கிறார். சாமான் வராததால் காத்திருந்திருக்கிறார். நடுவில் இரண்டு ராத்திரி கடப்பாரையால் நெம்பிப் பார்த்ததில் கை பிசகி, துணி சுற்றியிருந்தது. 'சம்பந்தப்பட்டவர்கள் கண்டுகொள்ளவில்லை' என்ற வரிக்கு என் நோட்டில் ஆதாரம் எதுவும் கிடையாது. ஊரில் நாலு பேர் சொன்னதை வைத்து எழுதிவிட்டேன். அந்த மனிதரின் பேரன் என் தம்பி வகுப்பில் படித்தான். அவர் எதிரில் வந்தால் வெகுநாள் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் எழுதும் விஷயத்தில் பொறுப்பில் இருப்பவர் யாரோ, அவரை நேரில் பார்த்து ஒரு கேள்வியாவது கேளுங்கள். அவர் சொல்வதையும் ஒரு வரி சேருங்கள். பேச மறுத்தால் 'கேட்டும் பதில் சொல்லவில்லை' என்று எழுதலாம், அது உண்மை. 2005-க்குப் பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டால் பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பெரிய விஷயமாக இருந்தால் அந்தப் பதில் வரும்வரை பொறுத்திருந்து எழுதுங்கள்.

அனுப்பும்போது

இப்போது பெரும்பாலும் மின்னஞ்சல்தான். யூனிகோடில் தட்டச்சு செய்து, கடிதத்தை மின்னஞ்சலிலேயே ஒட்டி அனுப்புங்கள். பிடிஎஃப்பாகவோ கையெழுத்தைப் படம் எடுத்தோ அனுப்பினால் அதை யாராவது மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், வேலை நெருக்கடியில் தள்ளி வைத்துவிடுவார்கள். முழுப் பெயர், முகவரி, கைப்பேசி எண் மூன்றும் கட்டாயம். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் அதைச் சொல்லலாம், ஆனால் ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். ஏற்கெனவே வந்த கட்டுரைக்குப் பதில் எழுதுகிறீர்கள் என்றால் அதன் தலைப்பையும் தேதியையும் முதல் வரியில் போட்டு, அன்றே அனுப்புங்கள். ஒரே கடிதத்தை நாலு பேப்பருக்கு அனுப்பாதீர்கள். இரண்டில் ஒரே நாளில் வந்துவிட்டால், அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்ததுமே தயங்குவார்கள்.

பருவம் பார்த்து அனுப்புவதும் முக்கியம். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். வாய்க்கால் தூர் வாரவில்லை என்று எழுதுவதாக இருந்தால் ஏப்ரலிலோ மே முதல் வாரத்திலோ எழுத வேண்டும், வேலை நடக்க அப்போதுதான் நாள் இருக்கும். தண்ணீர் வந்த பிறகு எழுதினால் படிப்பவர் வருத்தப்படலாம், அவ்வளவுதான்.

மாலை 6 மணிக்கு மேல் போன் செய்து "என் கடிதம் வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். பக்கம் முடிக்கிற நேரம் அது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, வராவிட்டால் அடுத்ததை எழுதுங்கள். இடம் இல்லாமல் நின்றுபோன நல்ல கடிதங்கள் என் கையிலேயே எத்தனையோ.

அதற்கு அடுத்து

பத்துக் கடிதம் வந்த பிறகு ஒரு சிறு கட்டுரையோ பேட்டியோ முயலலாம். கல்லூரியில் படிப்பவர்கள் விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் போன்றவற்றுக்கு விண்ணப்பியுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தால் தினமும் ஒரு செய்தியைத் தமிழில் எழுதிப் பாருங்கள். பாரதியார் 1904-இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது பார்த்த வேலையும் பெரும்பாலும் மொழிபெயர்ப்புதான். டெஸ்கில் சேர வந்தவர்களுக்கு நான் முதலில் கொடுத்த தேர்வும் அதுதான்.

பணம் கட்டினால் நிருபர் அட்டை தருகிறோம் என்று யாராவது வந்தால் போகாதீர்கள். ஆசையில் இருக்கிற பிள்ளைகளிடம்தான் அவர்கள் வருவார்கள். அவர்கள் காட்டும் பேப்பரின் கடைசிப் பக்க அடிவரியைப் பாருங்கள். அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயரும் அச்சாகும் இடமும் அதில் இருக்க வேண்டும், 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து வரும் நடைமுறை அது. அப்படி ஒரு வரியே இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அந்த வரி இருந்தாலும், எழுதுகிறவர் பணம் கட்டுகிற வழக்கம் ஒழுங்கான பத்திரிகை எதிலும் கிடையாது. கடிதத்துக்கு உங்களுக்கும் பணம் வராது, அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் கடிதம் வந்த அன்று இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று அதில் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருக்கு. உங்கள் பிரதியை வெட்டி, மேலே தேதி எழுதி, போனில் படமும் எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பசை தடவாதீர்கள். நான் மைதாப் பசை காய்ச்சி நோட்டில் ஒட்டினேன். ராமபாணப் பூச்சி அரித்து, இப்போது 'மதகு பழுது' என்ற தலைப்பும் முதல் ஒன்றரை வரியும்தான் மிச்சம்.