எபிரேய வேதத்தை ஆராய்ச்சிக் கண்ணோட படிக்கப் போறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ஆராய்ச்சிக் கண்ணோட படிக்கணும்னு சொன்னாலே சில பேர் சிவப்பு பேனாவை எடுத்துக்கிட்டு முரண்பாடு வேட்டைக்கு கிளம்பிடறாங்க, இன்னும் சில பேர் ஐயோ வேதத்தை கேவலப்படுத்த வந்துட்டான்னு சண்டைக்கு நிக்கறாங்க. ரெண்டு கோஷ்டியும் சறுக்கறது ஒரே இடத்துலதான். இதை ஒரே ஆள் உக்காந்து எழுதி முடிச்ச ஒரே புத்தகம்னு நினைச்சுக்கறாங்க.

யூதர்கள் இதுக்கு தனாக்னு பேர் வச்சிருக்காங்க, தோரா (சட்டம்), நெவீம் (தீர்க்கதரிசிகள்), கெதுவீம் (மற்ற எழுத்துகள்)னு மூணு பகுதி, மொத்தம் 24 புத்தகம். நாம பழைய ஏற்பாடுன்னு 39 எண்ணறோமே, அதே சரக்குதான், பிரிச்ச விதமும் அடுக்கின வரிசையும்தான் வேற. பல நூற்றாண்டுல பல பேர் எழுதி, சேர்த்து, திருத்தி வச்ச ஒரு லைப்ரரி மாதிரி இது.

நோவா கதையை எடுத்துக்கோங்க. ஆதியாகமம் 6ல எல்லா ஜீவன்லயும் ஆணும் பெண்ணுமா ஒரு ஜோடி ஏத்துன்னு இருக்கும், அடுத்த அதிகாரத்துக்கு போனா சுத்தமான மிருகம்னா ஏழு ஏழுன்னு வரும். ஒரு இடத்துல வெள்ளம் 40 நாள், இன்னொரு இடத்துல தண்ணி 150 நாள். இதை பார்த்ததும் "மாட்டிக்கிச்சு பாரு"ன்னு துள்றதும் தப்பு, எப்படியாவது கணக்கை ஒட்ட வைக்கறேன்னு வியர்க்கறதும் தப்பு. ஒரு பென்சிலை எடுத்து "தேவன்"னு வர்ற வரியை ஒரு பக்கமும் "கர்த்தர்"னு வர்ற வரியை இன்னொரு பக்கமும் பிரிச்சு எழுதிப் பாருங்க (தமிழ் பைபிள்லயே இந்த வித்தியாசம் தெரியும், எபிரேயத்துல தேவன்னா ஏலோஹீம், கர்த்தர்னா யஹ்வேன்னு படிக்கற நாலெழுத்து பேர்), கிட்டத்தட்ட ரெண்டு தனித்தனி வெள்ளக் கதை கையில நிக்கும். அதை பின்னினவருக்கு எண்ணத் தெரியாம இல்ல, ரெண்டும் மதிப்பான பாரம்பரியம், எதையும் தூக்கிப்போட மனசு வரல, அவ்வளவுதான்.

இதை முதல்ல ஒழுங்கா பிடிச்சவர்ல ஒருத்தர் ழான் அஸ்த்ரூக், தொழில்ல டாக்டர், 1753ல பிரான்ஸ்ல எழுதினாரு. அப்புறம் 1878ல ஜெர்மன் அறிஞர் வெல்ஹவுசன் தோராவுக்கு நாலு மூலங்கள்னு பெரிய கட்டடமே கட்டிட்டாரு. இங்க அடுத்த தப்பு காத்திருக்கு: அந்த நாலை ஏதோ பிளட் டெஸ்ட் ரிசல்ட் மாதிரி முடிஞ்ச விஷயம்னு எடுத்துக்காதீங்க. எத்தனை மூலம், எந்த காலம்னு இன்னிக்கும் அறிஞர்களுக்குள்ள செம சண்டை. பல கைகள் இருக்குங்கறதுல பெரும்பாலானவங்க ஒத்துப்போறாங்க, யார் கை எதுங்கறதுல இல்ல.

மொழிபெயர்ப்பை மட்டும் வச்சுக்கிட்டு தீர்ப்பு சொல்றது இன்னொண்ணு. ஏசாயா 7:14ல நம்ம பைபிள் "கன்னிகை"ன்னு போட்டிருக்கு, எபிரேயத்துல இருக்கறது அல்மா, அதுக்கு இளம்பெண்ணுன்னு அர்த்தம், கிரேக்கத்துல மொழிபெயர்த்தப்பதான் கன்னிங்கற சொல் வந்து உக்காந்துச்சு. அதே மாதிரி "சிவந்த சமுத்திரம்"னு படிக்கறோமே, எபிரேயத்துல யாம் சூஃப், நாணல் கடல்னு பல பேர் அர்த்தம் சொல்றாங்க.

சரி, எபிரேய மூலத்துக்கே போயிட்டா பிரச்சனை தீர்ந்துச்சான்னா அதுவும் இல்ல, ஏன்னா மூலமே ஒண்ணு இல்ல. முழு எபிரேய பைபிளா நம்ம கையில இருக்கற ரொம்ப பழைய பிரதி லெனின்கிராட் கையெழுத்துப் பிரதி, 1008 வாக்குல எழுதினது. 1947ல இருந்து சாவுக்கடல் பக்கம் கும்ரான் குகைகள்ல சுருள் கிடைக்க ஆரம்பிச்சப்ப ஆயிரம் வருஷம் ஒரே தாவா பின்னாடி போயிட்டோம். ஏசாயா சுருள் பெருசா மாறாம இருந்துச்சு, அது ஒரு ஆச்சரியம். ஆனா கோலியாத்தை பாருங்க! நம்ம பைபிள்ல உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும், ஒன்பதடிக்கு மேல. கும்ரான் சாமுவேல் சுருள்லயும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்புலயும் நாலு முழமும் ஒரு ஜாணும்தான், ஆறரை அடி வாட்டசாட்டமான ஆள். கதை சொல்லச் சொல்ல ஆள் வளர்ந்துட்டான் போல, நம்ம ஊர் மீன் பிடிச்ச கதை மாதிரி.

ஒரே சம்பவம் ரெண்டு புத்தகத்துல வந்தா பக்கத்துல பக்கத்துல வச்சு படிக்காம விடறது பெரிய நஷ்டம். தாவீது ஜனத்தொகை எடுத்த கதையில அவரை தூண்டிவிட்டது யாரு? 2 சாமுவேல் 24ல கர்த்தரோட கோபம், 1 நாளாகமம் 21ல சாத்தான். பின்னாடி எழுதினவருக்கு கடவுள் இப்படி பண்ணுவாராங்கற சங்கடம் வந்திருக்கு, ஒரு சமூகத்தோட இறையியல் நம்ம கண்ணு முன்னாடியே நகர்ந்திருக்கு, இதை வெறும் முரண்பாடுன்னு டிக் அடிச்சுட்டு போனா இந்த சுவாரசியமே போச்சு.

பழைய மெசபடோமியாவோட கில்காமேஷ் காவியத்துல வெள்ளக் கதை இருக்குன்னு 1872ல ஜார்ஜ் ஸ்மித்ங்கற ஆங்கிலேய ஆய்வாளர் சொன்னதுல இருந்து, நோவா கதை "காப்பி"ங்கற பேச்சு ஓடிட்டே இருக்கு. தொடர்பு இருக்கு, மறுக்க முடியாது. ஆனா பாபிலோனிய அத்ராஹாசிஸ் கதையில மனுஷங்க போடற சத்தத்துல தூக்கம் கெட்டு கடவுள் வெள்ளம் விடறாரு, ஆதியாகமத்துல பூமி கொடுமையால நிறைஞ்சதால. எதை மாத்தினாங்கன்னு பாருங்க, விஷயம் அங்கதான் இருக்கு.

கல்வெட்டு பத்தி ஒரே வரி: 1993ல இஸ்ரேல்ல இருக்கற டெல் தான்ல "தாவீதின் வீடு"ன்னு ஒரு கல்வெட்டு கிடைச்சுது, அதனால கோலியாத் கதை நிரூபணம் ஆகிடாது. நம்மாளுங்களுக்கும் சேர்த்துதான் சொல்றேன், 1 இராஜாக்கள் 10ல மயிலுக்கு வர்ற துக்கீம்ங்கற எபிரேயச் சொல் தமிழ் "தோகை"ல இருந்து வந்திருக்கலாம்னு ஒரு கருத்து இருக்கு, நல்ல கருத்துதான், அந்த ஒத்தை சொல்லை வச்சு சாலொமோன் கப்பல் நம்ம கரைக்கே வந்துச்சுன்னு வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க.

கடைசியா, கேள்வி கேக்கறதை ஏதோ நவீன ஐரோப்பா கண்டுபிடிச்ச மாதிரி பேசறது. உபாகமம் 34ல மோசே செத்துப்போறதை மோசேயே எப்படி எழுதியிருப்பாருன்னு தல்மூத் (யூத ரபீக்களோட விவாதத் தொகுப்பு) காலத்து ரபீக்களே கேட்டிருக்காங்க. கடைசி எட்டு வசனம் யோசுவா எழுதினதுன்னு ஒரு கட்சி, இல்ல, கடவுள் சொல்லச் சொல்ல மோசே கண்ணீரோட எழுதினாருன்னு இன்னொரு கட்சி. 12ஆம் நூற்றாண்டுல வந்த யூத உரையாசிரியர் இப்ன் எஸ்ரா எட்டு இல்ல, பன்னிரண்டு வசனமும் யோசுவாதான்னு சொல்லிட்டு போயிட்டாரு.