வகுப்பு ஆசிரியரின் வாரச் செய்தியை வீட்டு வாசிப்பாக மாற்றுவது எப்படி?

தொடக்கப் பள்ளியில் பிள்ளை படிக்கும் வீடுகளுக்கு வாரக் கடைசியில் இப்படியொரு செய்தி வந்து சேர்கிறது: "இவ்வாரம் தமிழில் எகர, ஏகார உயிர்மெய்ச் சொற்கள், கணக்கில் இரண்டிலக்கக் கூட்டல், சூழ்நிலையியலில் உணவு. பெற்றோர் வீட்டில் வாசிப்புப் பயிற்சி அளிக்கவும்." முதல் மூன்று செய்திகளும் எளிதில் விளங்கிவிடுகின்றன. கடைசி வரியை எப்படிச் செய்வது என்று மட்டும் பெற்றோருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள் என்ற முறையில் அந்த ஒரு வரியை இங்கே விரித்து எழுதுகிறேன். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடமும் ஒரு நோட்டும் இருந்தால் போதும்.

முதல் படி: செய்தியிலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் கீழ், ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் அளவைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறோம். கொரோனாவால் மூடப்பட்டிருந்த தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டன. அப்போது மூன்றாம் வகுப்பில் வந்து அமர்ந்த பல பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு எழுத்துகளையே மறந்திருந்தார்கள் என்பது இந்தப் பிரிவுக்குப் பின்னால் இருக்கும் காரணம். ஆகவே உங்கள் பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டே மொட்டு நிலையில் படிக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, கடைசி வளரறி மதிப்பீட்டில் (பாடம் நடக்கும்போதே வைக்கும் சிறு மதிப்பீட்டில்) எங்கே தடுமாறியது என்னும் இரண்டை மட்டும் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பொருந்துகிற ஒரு வரியை வாரச் செய்தியிலிருந்து எடுத்து, நோட்டின் மேல் எழுதுங்கள். மேலே காட்டிய செய்தியில் "எகர, ஏகாரச் சொற்கள்" என்பதை எடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: தடுமாற்றம் எழுத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். தமிழில் 247 எழுத்துகள் இருந்தாலும் பிள்ளை அத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. மெய்யின் வடிவத்தையும் உயிரின் குறியையும் சேர்த்துப் படிக்கக் கற்றுக்கொள்கிறது. "கா"வில் வரும் கால், "கி"யில் வரும் விசிறி போன்ற குறிகள் எழுத்துக்கு வலப்புறமோ அதன் மேலோ வருவதால், கண் பார்க்கும் வரிசையும் வாய் சொல்லும் வரிசையும் ஒன்றாகவே இருக்கின்றன. கெ, கே, கை ஆகியவற்றில் வரும் கொம்பு அப்படியில்லை. ஒலியில் பின்னால் வருகிற எகரமும் ஏகாரமும் ஐகாரமும் எழுத்தில் முன்னால் நிற்கின்றன. அதனால் "அவனே" என்ற சொல்லில் வகரத்துக்கு அடுத்து நிற்கும் இரட்டைக்கொம்பைப் பிள்ளை வகரத்தோடு சேர்த்து "அவேன" என்று படிக்கிறது. இதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். பிள்ளை இடமிருந்து வலமாக ஒழுங்காகத்தான் படித்திருக்கிறது.

இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. நோட்டில் பெரிய எழுத்தில் சொல்லை எழுதி, கொம்பையும் அது சேரும் எழுத்தையும் ஒரே வட்டத்துக்குள் அடைத்துக் காட்டுங்கள். "கொம்பு தனக்கு அடுத்த எழுத்தின் கையைப் பிடித்திருக்கிறது" என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியும். தேன், மேசை, பேனா, செடி, வெல்லம் என்று நாளுக்கு ஐந்து சொற்கள் போதும். கொ, கோ போன்றவற்றில் கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமும் நிற்பதால், முன்னவை நன்கு பழகிய பிறகே அவற்றுக்குப் போக வேண்டும்.

உகர வரிசையில் வேறொரு சிக்கல் இருக்கிறது: கு, சு, து, மு ஆகியவற்றில் ஒரே உகரம் வெவ்வேறு வடிவம் எடுப்பதால், ஒன்றைக் கற்ற பிள்ளை மற்றொன்றை ஊகித்துவிட முடியாது. இவற்றைத் தனித்தனியாகவே காட்டுங்கள்.

மூன்றாம் படி: பக்கத்தில் அமர்ந்து வாசியுங்கள்

எதிரே அமர்ந்தால் வாசிப்பு தேர்வாகிவிடும். ஆகவே பிள்ளையின் பக்கத்தில் அமருங்கள். நான்கைந்து வரிகள் கொண்ட பகுதியை முதலில் நீங்கள் சொல்லுக்குக் கீழே விரலை நகர்த்தியபடி வாசியுங்கள். அடுத்து இருவரும் சேர்ந்து வாசியுங்கள். மூன்றாம் முறை பிள்ளை தனியாக வாசிக்கட்டும். தடுமாறி நின்றால் உடனே சொல்லைக் கொடுத்துவிடாமல், மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பல நேரங்களில் பிள்ளையே சொல்லிவிடும்; சொல்லாவிட்டால் முழுச் சொல்லையும் அமைதியாகச் சொல்லி மேலே செல்லுங்கள்.

எழுத்துக்கூட்டிப் படித்த சொல்லை, பேசுவதைப் போல மறுபடியும் ஒரே மூச்சில் சொல்ல வையுங்கள். இது ஏன் அவசியம் என்றால், தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலி மாறுகிறது. "பல்" என்பதில் வரும் பகரமும் "தம்பி" என்பதில் வரும் பகரமும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. "கடல்", "தங்கம்" ஆகியவற்றின் ககரமும் அப்படித்தான். எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது அந்நியமாக ஒலிக்கும் சொல், ஒரே மூச்சில் சொன்னதும் தனக்குத் தெரிந்த தம்பியாகவும் தங்கமாகவும் மாறுவதைப் பிள்ளை உணரும் கணத்தில்தான் வாசிப்பு தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன்.

நான்காம் படி: பொருள் கேளுங்கள்

"மரத்தின் மீது குரங்கு அமர்ந்திருந்தது" என்று அச்சிட்டிருப்பதைப் பிள்ளை "மரத்து மேல குரங்கு உக்காந்திருந்துச்சு" என்று வாசித்தால் தவறு என்று நிறுத்திவிடாதீர்கள். எழுத்துத் தமிழைப் படித்து, பொருளை உள்வாங்கி, வீட்டுத் தமிழில் திருப்பித் தந்திருக்கிறது. முதலில் பாராட்டிவிட்டு, பிறகு "புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறது?" என்று விரலால் காட்டிக் கேளுங்கள். முடிவில் "குரங்கு ஏன் அங்கே போனது?" என்பது போன்ற ஒரே ஒரு கேள்வி போதும்.

ஐந்தாம் படி: படிக்க எதைக் கொடுப்பது?

ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தடுமாறினால் அந்தப் புத்தகத்தைச் சில மாதங்கள் தள்ளி வையுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு நிலைகளில் சிறு புத்தகங்கள் வெளிவந்திருக்கின்றன. பள்ளியில் கேட்டால் கிடைக்கும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், தமிழ்ப் படக்கதைகளை நிலைவாரியாக இலவசமாகப் படிக்கலாம். அருகிலுள்ள கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராகச் சேர்ப்பதும் நல்லது.

வீட்டில் புத்தகமே இல்லையென்றாலும் கவலை வேண்டாம். நாள்தோறும் கிழிக்கும் நாள்காட்டித் தாள், மளிகைப் பொட்டலம், பேருந்தின் ஊர்ப்பலகை எல்லாமே வாசிப்புக்கு உரியவைதான். பெற்றோருக்கு எழுத்து தெரியாத வீடுகளில், பாட்டி ஒரு கதை சொல்ல, பிள்ளை அதில் இரண்டு வரியை எழுதி, அதையே பாட்டிக்குப் படித்துக் காட்டலாம். தன் சொற்களே தாளிலிருந்து திரும்பி வருவதைக் கேட்கும் பாட்டியின் முகத்தைப் பிள்ளை மறக்காது.

ஆறாம் படி: ஆசிரியருக்குத் திருப்பி எழுதுங்கள்

நோட்டில் நாள், வாசித்தது, தடுமாறிய சொல் ஆகிய மூன்றை மட்டும் குறித்து வாருங்கள். இரண்டு மாதங்கள் தொடர்ந்து செய்தும் அதே எழுத்துகளில் பிள்ளை நின்றுகொண்டிருந்தாலோ, புத்தகத்தைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோனாலோ, முதலில் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பது பற்றியும் ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள்.

மற்றபடி வாரத்துக்கு ஒருமுறை, குழுவில் போடாமல் ஆசிரியருக்குத் தனியாக இப்படி எழுதினால் போதும்: "வணக்கம் டீச்சர். இந்த வாரம் நான்கு நாள் வாசித்தோம். தேன், மேசை ஆகியவற்றைத் தானாகவே படிக்கிறாள். அவனே, மரமே போன்ற சொற்களில் நடுவில் வரும் கொம்பை முன் எழுத்தோடு சேர்த்துவிடுகிறாள்." இவ்வளவு தெரிந்தால், திங்கட்கிழமை காலையில் அந்தப் பிள்ளையை அழைத்துக் கரும்பலகையில் எந்தச் சொல்லை எழுதிக் காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிடும்.