வெள்ளம் புகுந்த சம்ப்பைச் சுத்தம் செய்வது எப்படி?

காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் மழை பெய்யும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மழைநீரோடு சாக்கடையும் வீட்டுச் சம்ப்புகளில் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிகளில்) இறங்கியது. டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை எல்லாம் வரும் வழி அதுதான். தெருவோரம் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு போட்டால் குடிநீர் சுத்தமாகாது. பவுடர் போகவேண்டிய இடம் சம்ப்.

வெளியே வெள்ளம் வடிந்த பிறகே இறையுங்கள். சுற்றுமண் ஊறிக் கிடக்கும்போது காலி செய்தால் சுவர் விரிசல் விடும்; உறைக்கிணறு என்றால் உறையே நகரலாம். நனைந்த மோட்டாரை எலக்ட்ரீசியன் பார்க்கும்வரை போடாதீர்கள். மூடியைத் திறந்து காற்றோட விடுங்கள். விஷவாயு தேங்கியிருக்கலாம் என்பதால் இறங்குபவருக்கு இடுப்பில் கயிறு, மேலே ஆள், இரண்டும் கட்டாயம்.

சேற்றை முழுக்க வழித்தெடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: சேறு மிச்சமிருந்தால் குளோரினை அதுவே தின்றுவிடும், கிருமி தப்பிவிடும்.

பிறகு தண்ணீர் நிரப்புங்கள். 5,000 லிட்டருக்கு 1 கிலோ பவுடர். 25 சதவீதக் குளோரின் உள்ள பவுடருக்கான கணக்கு இது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும். திறந்து வைத்த பழைய பாக்கெட் வெயிலில் வீரியம் இழந்திருக்கும், வேண்டாம். வாளிக்கு 100 கிராமாகக் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். டாய்லெட் ஆசிட் பட்ட வாளி கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

இந்த நீரை மாடித் தொட்டிக்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் பிளீச்சிங் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். 12 மணி நேரம் ஊறட்டும். அதைக் குடிக்காமல், செடிக்கும் விடாமல் வெளியேற்றிவிடுங்கள்.

புது நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர் போதும். அரை மணி நேரம் கழித்து, நீரில் மிஞ்சிய குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப்பில் 0.5 பிபிஎம் (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்) காட்ட வேண்டும். குறைந்தால் இன்னும் கொஞ்சம் சேருங்கள். அப்போதும் குடிநீரைத் தளதளவென்று 1 நிமிடமாவது கொதிக்க விடுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரினுக்கு மசியாது.

வறட்சியிலும் ஆபத்து உண்டு. குடிநீர் லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால், விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடையும் குழாய்க்குள் ஏறும். சப்ளை வந்ததும் முதல் இரண்டு குடம் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருந்தால் சம்ப்புக்குள் விடாதீர்கள்.