முதல் பயாப்சியில் தப்பிய புராஸ்டேட் புற்றுநோயை எம்.ஆர்.ஐ. மூலம் தேடுவது எப்படி?

பயாப்சியில் (திசு எடுத்துச் செய்யும் பரிசோதனையில்) புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்த பிறகும் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம்) அளவு தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்தால், அந்த ஒரு முடிவை நம்பி இருந்துவிடக் கூடாது. ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்திச் செய்யப்படும் வழக்கமான பயாப்சியில் 10 முதல் 12 இடங்களில் திசு எடுக்கிறார்கள். ஊசி பெரும்பாலும் சுரப்பியின் பின்பகுதியையே எட்டுவதால், முன்பக்கத்தில் உள்ள கட்டி அகப்படாமல் போய்விடலாம். பிரிட்டனில் 576 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான புரோமிஸ் ஆய்வில், தீவிரமான புற்றுநோய்களில் 48 சதவீதத்தையே வழக்கமான பயாப்சி கண்டுபிடித்தது, எம்.ஆர்.ஐ. 93 சதவீதத்தைச் சுட்டிக்காட்டியது.

ஆகவே, மறுபடியும் பயாப்சி செய்வதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முந்தைய பயாப்சியின் இரத்தக்கசிவு படத்தில் கட்டியைப் போலத் தோன்றிக் குழப்பக்கூடும் என்பதால், அவசரம் இல்லாவிட்டால் 6 முதல் 8 வாரங்களாவது இடைவெளி விடுவது நல்லது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய பி.எஸ்.ஏ. அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும் என்பதால், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்பதைக் காட்டும், 1 முதல் 5 வரையிலான பை-ராட்ஸ் மதிப்பெண். 4 அல்லது 5 என்றால் சந்தேகம் வலுவானது. 3 என்றால் முடிவெடுப்பது கடினம், அப்போது பி.எஸ்.ஏ. அளவைச் சுரப்பியின் கன அளவால் வகுத்துப் பார்ப்பார்கள், 0.15 அல்லது அதற்கு மேல் வந்தால் பயாப்சியின் பக்கமே சாய்வார்கள். சந்தேகத்துக்குரிய இடம் எது என்பதும் மதிப்பெண்ணுக்கு இணையாக முக்கியம் என்பேன்: எம்.ஆர்.ஐ. படத்தை அல்ட்ராசவுண்ட் படத்தோடு பொருத்தி, அந்த இடத்தைக் குறிவைத்தே ஊசியைச் செலுத்த முடியும். கட்டி முன்பக்கத்தில் இருந்தால், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோலின் வழியே ஊசியைச் செலுத்தினால் எளிதாக எட்டும்.

புராஸ்டேட் அழற்சியும் படத்தில் புற்றுநோயைப் போலவே தெரியக்கூடும். ஆகையால் திசுப் பரிசோதனை உறுதிசெய்யாமல், படத்தை மட்டும் வைத்துச் சிகிச்சை தொடங்குவது தவறு. மதிப்பெண் 1 அல்லது 2 என்று வந்தாலும் எம்.ஆர்.ஐ.க்குத் தெரியாத புற்றுநோய்கள் உண்டு என்பதால், அடுத்த பி.எஸ்.ஏ. பரிசோதனை எப்போது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.